போடி ஏலமும் கைபேசி விலையும்

ஒரு பொருளைக் கேட்பவர் கூடினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும் என்பது பொருளியலின் முதல் பாடம். இந்தப் பாடம் எந்த அளவுக்கு உண்மை என்பதைக் காட்டும் இரண்டு சந்தைகள் தேனி மாவட்டத்தில் சுமார் 15 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. போடிநாயக்கனூரில் நடக்கும் ஏலத்தில் ஏலக்காயைக் கேட்பவர் கூடும்போது விலை ஏறுகிறது. தேனி நகரத்துக் கடைகளில் கைபேசியும் தொலைக்காட்சியும் எல்.இ.டி. பல்பும் வாங்குவோர் இருபது ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆனால் ஒரே தரத்தை ஒப்பிட்டால் அவற்றின் விலை இறங்கியே வந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் தேவை கூடியது. விலை எதிரெதிர்த் திசையில் போனது. இதற்குக் காரணம் கேட்பவர்களிடம் இல்லை. கேட்டதைக் கூடுதலாக விளைவிக்கவோ செய்யவோ எவ்வளவு காலம் ஆகும் என்பதில்தான் இருக்கிறது.

ஏலக்காய் விளைவது பெரும்பாலும் மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வண்டன்மேடு, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், சாந்தன்பாறை எல்லாம் ஏலத்தோட்டங்களின் ஊர்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யும் கைகளில் பெரும் பங்கு கீழே இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. விடியும் முன்பே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைப்பாதைகளிலும் ஜீப்புகள் பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மேலேறுகின்றன. செடியின் அடியில் தரையோடு படரும் சரத்திலிருந்து பருவம் வந்த காயை மட்டும் குனிந்து கிள்ளி எடுக்க வேண்டும். இளங்காயை விட்டுவைத்து, அடுத்த எடுப்புக்கு மறுபடி வர வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ காய் கிடைக்கும். உலர்ந்த காய் மலையிறங்கி போடிக்கு வருகிறது. இங்கே சல்லடையில் சலித்து அளவு பிரிக்கிறார்கள்; கையால் பொறுக்கி நிறம் பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சை மாறாத காய்க்கு ஒரு விலை, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் உள்ளதற்கு ஒரு விலை, வெடித்ததற்கும் வெளிறியதற்கும் வேறு விலை.

முன்பு வாய்விட்டுக் கேட்கும் ஏலமே நடந்தது. 2007-இல் இந்திய நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இப்போது போடியிலும் மலைமேல் புற்றடியிலும் ஏல மையங்கள் இருக்கின்றன. விவசாயி கொண்டுவந்த சரக்கு எடைபோடப்பட்டு லாட் எண் பெறுகிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் எடுத்த சாம்பிள் வியாபாரியின் மேசைக்கு வருகிறது. அவர் காயை உள்ளங்கையில் கொட்டிப் பருமனையும் நிறத்தையும் பார்க்கிறார். ஒன்றிரண்டை நசுக்கி, உள்ளே இருக்கும் அரிசி கறுத்து நிறைவாக இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் நிற்கிறது என்பதும் கணக்கில் வருகிறது. பிறகு லாட் எண் திரையில் வர, விலை ஏறத் தொடங்குகிறது. கடைசியாக, எல்லாரையும் விட அதிகமாகக் கேட்டவருக்குச் சரக்கு போகிறது. தேவை விலையாக மாறுவதை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. பொருளியல் மாணவர்களைப் பாடப்புத்தகத்து வளைகோடுகளுக்கு முன்னால் இங்கே அழைத்து வருவது நல்லது.

இந்தச் சந்தையின் அண்மைக்கால வரலாற்றில் 2019 மறக்க முடியாத ஆண்டு. 2018 ஆகஸ்டு பெருமழையிலும் நிலச்சரிவிலும் இடுக்கித் தோட்டங்கள் பெரும் சேதமடைந்தன. தேங்கிய நீரில் செடிகள் அழுகின. அடுத்து வந்த கோடையில் கடும் வறட்சி. 2019-இன் தென்மேற்குப் பருவமழையும் தாமதித்தது. 2017-18-இல் சுமார் 20,000 டன்னாக இருந்த நாட்டின் ஏலக்காய் விளைச்சல் 2019-20-இல் சுமார் 11,000 டன்னுக்கு இறங்கியது. 2019 ஆகஸ்டுத் தொடக்கத்தில் புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்கு விற்றது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைத்தான் தலைப்பில் போட்டன. அன்றைய சராசரி விலை அதைவிட மிகவும் குறைவு என்பது உள்ளே சிறிய எழுத்தில் இருந்தது. உச்ச விலை பொறுக்கியெடுத்த ஒரு சிறு லாட்டுக்குக் கிடைப்பது. தோட்டக்காரர் கடனை அடைப்பது சராசரி விலையில். சந்தையைப் பற்றி எழுதுவோர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவது சிறு விவசாயிக்குச் செய்யும் தீங்கு. உச்ச விலையை நம்பித்தான் அவர் அடுத்த கடனை வாங்குகிறார்.

சராசரியை வைத்துப் பார்த்தாலும் மாற்றம் பெரியதுதான். விளைச்சல் ஏறக்குறையப் பாதியானது. ஆண்டுச் சராசரி விலையோ இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைப்போல ஏறத்தாழ மும்மடங்கானது. சரக்கு பாதியானால் விலை ஏன் இரட்டிப்போடு நிற்கவில்லை? ஏலக்காயை வாங்குவோர் விலை ஏறினாலும் எளிதில் விலகுவதில்லை. கிலோ 7,000 ரூபாய் என்றாலும் பத்துக் கிராம் 70 ரூபாய்தான். கல்யாணப் பாயசத்துக்கும் பிரியாணிக்கும் ஆகும் மொத்தச் செலவில் ஏலக்காயின் பங்கு மிகச் சிறியது. அதை விட்டுவிட்டு அந்த மணத்தை வேறு எதிலிருந்தும் பெறவும் முடியாது. இனிப்புக் கடைக்காரர் தீபாவளிக்கு முன் காய் வாங்கியே ஆக வேண்டும். இருக்கும் சரக்குக்கு இத்தனை பேர் விடாமல் நிற்கும்போது, யாராவது சிலர் ஒதுங்கும் வரை விலை ஏறியாக வேண்டும். எளிதில் ஒதுங்காதவர்கள் நிறைந்த சந்தையில் அந்த ஏற்றம் நெடுந்தூரம் போகிறது.

கொடுப்பவர் பக்கமும் இதே இறுக்கம். விலை ஏறிவிட்டது என்பதற்காக இந்த ஆண்டே கூடுதல் காய் வராது. நட்ட செடி காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும். பழைய சரக்கைச் சேமித்து வைத்து விற்கலாம். ஆனால் நாள் ஆக ஆகப் பச்சை நிறம் மங்கும், நிறம் மங்கினால் விலையும் மங்கும்.

விலையேற்றத்துக்குப் பதில் வரவே வராது என்றும் இல்லை. தாமதமாக வருகிறது, வரும்போது அளவுக்கு மீறி வருகிறது. 2019-இன் விலையைப் பார்த்தவர்கள் கைவிட்ட தோட்டங்களைத் திருத்தினார்கள், உரமும் மருந்தும் கூட்டினார்கள், புதிதாக நட்டார்கள். புதுச் செடிகள் காய்ப்பதற்கு முன்பே, திருத்திய தோட்டங்களுக்கு மழையும் ஒத்துழைத்தது. 2020-21-இல் விளைச்சல் 22,000 டன்னைத் தாண்டியது. அதே நேரத்தில் கொரோனா ஊரடங்கு திருமணங்களையும் உணவகங்களையும் முடக்கியிருந்தது. 2022-இல் சராசரி விலை கிலோ 1,000 ரூபாய்க்குக் கீழே வந்தது. விலை நன்றாக இருக்கும்போது எல்லாரும் நடுவதும், நட்டது காய்க்கும்போது விலை சரிவதும், சரிந்ததைக் கண்டு கவனிப்பைக் குறைப்பதும், அதனால் மறுபடி விலை ஏறுவதும் வேளாண் சந்தைகளில் பழைய கதை. அமெரிக்கப் பொருளியலாளர் மார்டிகாய் எசக்கியேல் 1938-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சுழற்சியைச் சிலந்திவலைத் தேற்றம் என்ற பெயரில் விளக்கினார். வரைபடத்தில் விலையின் பாதையை வரைந்தால் அது வலைபோலச் சுற்றுவதால் அந்தப் பெயர். இந்தச் சுழற்சியில் முதலில் நட்டவர் பிழைக்கிறார். உச்ச விலையில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கடைசியாக நட்டவர்தான் மாட்டிக்கொள்கிறார். அவர் பெரும்பாலும் கையில் மூலதனம் குறைந்தவர்.

போடியில் விலை நிர்ணயமாகிறது என்றாலும், அதைத் தீர்மானிக்கும் தேவையும் வரத்தும் போடியில் மட்டும் இல்லை. உலகில் மிக அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் நாடு மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அங்கே ஏலச்செடி போனது. அந்நாட்டு மக்கள் அதை அதிகம் சாப்பிடுவதும் இல்லை. விளைவதில் பெரும் பகுதி அரபு நாடுகளின் காபிக்குப் போகிறது. இந்திய விளைச்சலில் பெரும் பகுதி உள்நாட்டிலேயே விற்றாலும், குவாத்தமாலாவில் விளைச்சல் கெட்டால் வளைகுடா வியாபாரி இந்தியக் காயைத் தேடி வருகிறார், போடியில் விலை ஏறுகிறது. 2024-இல் சராசரி மறுபடி 2,000 ரூபாயைத் தாண்டியதில் அந்நாட்டின் விளைச்சல் குறைவுக்கும் பங்கு உண்டு. ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்கிறது. அதனால் நோன்பு காலத்துத் தேவை சில ஆண்டுகளில் அறுவடை மாதங்களோடு பொருந்துகிறது, சில ஆண்டுகளில் சரக்கு வற்றிய கோடையில் வந்து விழுகிறது. வாங்கும் நாடுகள் பூச்சிமருந்து எச்சத்தைச் சோதித்துச் சரக்கைத் திருப்பி அனுப்பினால், அந்தத் தேவை ஒரே நாளில் இல்லாமல் போகிறது.

பள்ளத்தாக்கின் மற்ற விளைபொருள்களில் பன்னீர் திராட்சையை மட்டும் இங்கே தொட்டுச் செல்லலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை வைத்திருந்து விற்க முடியாது. பழுத்த குலையின்மேல் மழை பெய்தால் பழம் வெடிக்கும். வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஏலக்காய்க்காரருக்கு இருக்கும் ஒன்றிரண்டு மாத அவகாசம்கூடத் திராட்சைக்காரருக்கு இல்லை. தேவை மாறாமல் இருந்தாலும் விலை விழும் சந்தை அது.

இனி மின்னணுப் பொருள்களுக்கு வரலாம். எல்.இ.டி. பல்பு இதற்குத் தெளிவான சான்று. மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்காக ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். கோடிக்கணக்கில் டெண்டர் விட விட அது இறங்கி, 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. நாடெங்கும் வழங்கப்பட்ட பல்புகள் 36 கோடியைத் தாண்டின. தேவை பெருகப் பெருக விலை எட்டில் ஒரு பங்கானது. ஏலக்காயில் இப்படி நடக்க வழியே இல்லை.

மின்னணுப் பொருளின் செலவில் பெரும் பகுதி முதல் பொருளைச் செய்வதற்கு முன்பே ஆகிவிடுகிறது. வடிவமைப்பு, அச்சு, இயந்திரம், சோதனைச்சாலை ஆகிய எல்லாம் ஆயிரம் பல்பு செய்தாலும் பத்துக் கோடி செய்தாலும் ஏறக்குறைய அதே செலவு. எண்ணிக்கை கூடினால் ஒவ்வொன்றின் தலையிலும் விழும் பங்கு சுருங்குகிறது. இதோடு கைப்பழக்கமும் சேர்கிறது. விமானத் தொழிற்சாலைகளைக் கவனித்த டி.பி.ரைட் என்ற பொறியாளர், மொத்த உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்புச் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 1936-இல் எழுதினார். அளவு வேறுபட்டாலும் இதே போக்கைப் பிற்காலத்தில் பல மின்னணுப் பொருள்களிலும் கண்டார்கள். தமிழ்நாட்டு அரசு 2006 முதல் தன் எல்காட் நிறுவனம் வழியாக டெண்டர் விட்டு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்ணத் தொலைக்காட்சிகளை வீடுகளுக்குக் கொடுத்ததும் இதே கணக்கில்தான் கட்டுப்படியானது. ஏலத்தோட்டத்திலோ, இரட்டிப்பு விளைச்சல் வேண்டுமானால் இரட்டிப்பு நிலமும் மழையும் குனியும் முதுகுகளும் வேண்டும்.

கடையில் நிற்பவருக்குத் தெரியும் இன்னொரு வேறுபாடும் உண்டு. தீபாவளிக்கு முன் போடியில் ஏலக்காய் விலை ஏறும் இயல்புடையது. அதே வாரங்களில் தேனியின் கைபேசிக் கடைகளில் தள்ளுபடி அட்டைகள் தொங்கும். கேட்பவர் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் விலையைக் குறைப்பது முரண்போலத் தோன்றும். ஆனால் அந்தத் தேவை வரும் தேதி எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். நிறுவனங்கள் மாதக்கணக்கில் சரக்குச் சேர்த்து வைக்கின்றன. ஒருவர் விலை கூட்டினால் வாங்குபவர் பக்கத்துக் கடைக்கோ, இணையக் கடைக்கோ போய்விடுகிறார். புது மாடல் வரப்போகிறது என்றால் பழைய மாடலை அதற்கு முன் தள்ளிவிடவும் வேண்டும். கைபேசிக்கும் நிறம் மங்கும் காயைப்போல வயது உண்டு; அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் மதிப்பு குறைகிறது.

இத்தனைக்கும் பிறகு, மின்னணுப் பொருளின் விலை எப்போதும் இறங்கும் என்று முடிவுகட்டினால் அது பெரும் பிழை. கைபேசிக்குள் இருக்கும் சில உறுப்புகள் ஏலச்செடியின் குணம் கொண்டவை. 2011-இன் பிற்பகுதியில் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்தபோது ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. உலக உற்பத்தியில் பெரும் பங்கு அந்த ஒரு நாட்டில் குவிந்திருந்தது. சில வாரங்களில் பல ஹார்டு டிஸ்க் மாடல்களின் விலை இரட்டிப்பை ஒட்டி ஏறியது. இடுக்கியில் 2018-இல் வெள்ளம் செய்ததைத் தாய்லாந்தின் அயுத்தயாவில் 2011-இல் வெள்ளம் செய்திருந்தது. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து படிக்கவும் வேலை பார்க்கவும் மடிக்கணினிகளை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க, 2020 முதல் 2022 வரை சில்லுத் தட்டுப்பாடு கார் தொழிற்சாலைகளைக்கூட நிறுத்தியது.

நினைவகச் சில்லுகளின் சந்தையில் இந்தக் குணம் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. கைபேசியிலும் கணினியிலும் இருக்கும் டி-ரேம் சில்லுகளை உலகில் பெரும்பாலும் மூன்றே நிறுவனங்கள் செய்கின்றன: சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான். ஒரு புதிய சில்லுத் தொழிற்சாலைக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய் முதலீடும், கட்டி முடித்துச் சரக்கு வெளிவர இரண்டு மூன்று ஆண்டுகளும் வேண்டும். ஏலச்செடி காய்ப்புக்கு வரும் காலமும் ஏறக்குறைய இதுவே. அதனால் சிலந்திவலைச் சுழற்சியும் அங்கே உண்டு. விலை ஏறும்போது மூன்று நிறுவனங்களும் தொழிற்சாலையை விரிக்கின்றன. எல்லாம் ஒன்றாக உற்பத்திக்கு வரும்போது விலை விழுகிறது. 2022-இன் பிற்பகுதியிலும் 2023-லும் நினைவக விலை சரிந்து இந்த நிறுவனங்கள் நினைவகத் தொழிலில் நட்டம் கண்டன, உற்பத்தியைக் குறைத்தன. பிறகு செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை எழுந்தது. அவற்றுக்கு வேண்டிய உயர்வேக நினைவகத்துக்கு லாபம் அதிகம் என்பதால் தொழிற்சாலைகளின் திறன் அந்தப் பக்கம் திரும்பியது. சாதாரண ரேம் குறைந்தது. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை செங்குத்தாக ஏறியது. தேனியில் மகளுக்கு மடிக்கணினி வாங்கப் போகும் பெற்றோரிடம், அவர்கள் பக்கத்துக் கடையில் யாரும் கூடுதலாகக் கேட்காதபோதும், அதிக விலை கேட்கப்படுவதற்குக் காரணம், அதே சில்லுக்குக் கடல் கடந்து நிற்கும் போட்டியாளர்கள்.

எதிர்பார்ப்பும் விலையை அசைக்கிறது. பெரிய திரைத் தொலைக்காட்சிக்கும் அறையைக் குளிரூட்டும் ஏ.சி.க்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்தது. வரி குறையப் போகிறது என்று தெரிந்த நாள் முதல் வாங்க நினைத்தவர்கள் தள்ளிப்போட்டார்கள். தேதி வந்ததும் ஒன்றாக வந்தார்கள். கைபேசிக்கு இந்த மாற்றம் இல்லை. அதன் வரி 2020 ஏப்ரலில் 12-இலிருந்து 18 சதவீதமாக ஏறியதோடு நிற்கிறது. ஏலக்காயிலோ எதிர்பார்ப்பு விற்பவரிடம் வேலை செய்கிறது. விலை இன்னும் ஏறும் என்று நினைத்தால் வசதி உள்ள தோட்டக்காரர் சரக்கை ஏலத்துக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கிறார். வரத்து குறைந்து விலை உண்மையிலேயே ஏறுகிறது. இந்த வசதி கூலிக்கும் உரக்கடைக் கடனுக்கும் உடனே பணம் வேண்டிய சிறு விவசாயிக்கு இல்லை. அவர் அறுவடை நெருக்கடியில், வரத்து மிகுந்த நாளில் விற்கிறார். போடித் திரையில் தெரியும் விலை எல்லாருக்கும் ஒன்றுதான். எந்த நாளில் விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஒன்றாக இல்லை. மின்னணு ஏலம் விலையை வெளிப்படையாக்கியது. பொறுத்திருந்து விற்க உதவும் கிடங்கும், சரக்கின்மேல் குறைந்த வட்டிக் கடனும் கூட வந்தால்தான் அந்த வெளிப்படைத்தன்மை சிறியவருக்கும் பயன்படும்.

இரண்டு சந்தைகளும் ஒரே பணத்தால் இணைகின்றன. ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில் போடியிலும் கம்பத்திலும் கைபேசியும் தொலைக்காட்சியும் கூடுதலாக விற்கலாம். ஆனால் அதற்காகத் தேனிக் கடையில் ஒரு கைபேசியின் விலை ஏறாது. அதன் விலை நாடு முழுவதற்கும் பொதுவானது. இங்கே இருப்புத் தீர்ந்தால் மதுரையிலிருந்து அடுத்த நாளே சரக்கு வரும். அதே பணம் தோட்டக் குத்தகையைத் தேடிப் போகும்போது குத்தகைத் தொகை ஏறுகிறது. ஏலமலையில் ஏக்கர் கூடுவதில்லை. அறுவடை நெருக்கத்தில் காய் எடுக்கத் தெரிந்த கைகளுக்கும் அந்தக் கைகளை மலையேற்றும் ஜீப்புகளுக்கும் போட்டி எழுகிறது. அந்தப் போட்டியில் ஜீப் வாடகை சீக்கிரம் ஏறிவிடும். காய் கிள்ளும் பெண்ணின் தினக்கூலி, கேட்டு, பேசி, பல நாள் கழித்துத்தான் ஏறும்.